துத்திப்பட்டு துடுப்பாட்ட மைதானம்

துத்திப்பட்டு துடுப்பாட்ட மைதானம் என்பது இந்தியாவின் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த துத்திப்பட்டு கிராமத்தில் அமைந்துள்ள துடுப்பாட்ட (கிரிக்கெட்) மைதானம் ஆகும். இது புதுச்சேரி துடுப்பாட்டச் சங்கத்தின் சீகெம் மைதானம் என்ற பெயராலும் அறியப்படுகிறது. புதுச்சேரி துடுப்பாட்ட அணியின் தாயக மைதானம் இதுவேயாகும்.

== தாயக அணி ==
2018 ஆம் ஆண்டு வரை இந்திய உள்நாட்டுப் போட்டிகளில் புதுச்சேரிக்கெனத் தனி அணி இருக்கவில்லை. அவ்வாண்டு இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் பீகார், உத்தராகண்டம், வடகிழக்கு மாநிலங்கள் உள்ளிட்ட ஒன்பது புதிய அணிகளைச் சேர்த்துக்கொண்டது. அவற்றுள் புதுச்சேரியும் ஒன்றாகும். 2018–19 பருவத்தில் இவ்வணி விஜய் அசாரே கோப்பையிலும் ரஞ்சிக் கோப்பையிலும் முதன்முறையாக விளையாடியது. ரஞ்சிக் கோப்பையில் தொடக்கத்தில் பிளேட் பிரிவில் இடம்பெற்ற அணி, 2021–22 பருவத்தில் எலைட் பிரிவில் கருநாடகம், இரயில்வே, சம்மு காசுமீர் ஆகிய அணிகளுடன் ஆடியது.

2024 சனவரியில் தில்லி அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 9 இலக்குகளால் வென்றமை இவ்வணியின் குறிப்பிடத்தக்க வெற்றியாகும். இப்போட்டியில் வேகப்பந்து வீச்சாளர் கௌரவ் யாதவ் 10 இலக்குகளை வீழ்த்தினார்.

== வெளிமாநில வீரர்கள் ==
வாரிய விதிகளின்படி ஓர் அணி மூவர் வரை வெளிமாநில வீரர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏனையோர் பிறப்பு, கல்வி, பணி போன்றவற்றால் அப்பகுதியைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும். 2018 செப்டம்பரில் மணிப்பூருக்கு எதிரான தொடக்கப் போட்டியில் புதுச்சேரி அணியில் ஆடியவர்களுள் பெரும்பாலோர் வெளிமாநிலத்தவர். இதற்கு எதிர்ப்பு எழவே, அவர்களுள் எட்டுப் பேருக்கு அளிக்கப்பட்டிருந்த விதித்தளர்வை வாரியம் திரும்பப் பெற்றது.

பின்னரும் பிற மாநில வீரர்கள் அணியில் முக்கிய இடம் பெற்றனர். இமாச்சலப் பிரதேசத்தின் பராஸ் டோக்ரா, கருநாடகத்தின் வினய் குமார், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த கௌரவ் யாதவ் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். அனுபவமிக்க வீரர்களின் வருகை புதிய அணிக்கு வலுச் சேர்த்தது. எனினும், அணியில் உள்ள இடங்கள் பதினொன்றே ஆதலால், உள்ளூர் இளைஞர்களுக்கான வாய்ப்பு குறைகிறது என்பது இதன் மீதான முதன்மை விமர்சனமாகும்.

== பிற போட்டிகள் ==
2023 சூலை, ஆகத்து மாதங்களில் தியோதர் கோப்பைப் போட்டிகள் புதுச்சேரியில் நடைபெற்றன. ஆறு மண்டல அணிகள் பங்கேற்ற இத்தொடரின் இறுதிப் போட்டியில் தெற்கு மண்டலம் கிழக்கு மண்டலத்தை 45 ஓட்டங்களால் வென்றது.

2024 இல் தொடங்கப்பட்ட பாண்டிச்சேரி பிரீமியர் லீக் என்னும் இருபது20 தொடரும் இம்மைதானத்தில் நடைபெறுகிறது. இதில் வில்லியனூர், ஊசுடு, ஒயிட் டவுன், காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய பெயர்களைத் தாங்கிய ஆறு அணிகள் உள்ளன. கேரளக் கரையிலுள்ள மாகே, ஆந்திரத்தால் சூழப்பட்ட ஏனாம் ஆகியவற்றின் பெயரிலான அணிகளும் இங்கேயே ஆடுகின்றன. வில்லியனூர் மோகித் கிங்ஸ் அணிக்கு மட்டும் இது தன் பெயருக்குரிய கொம்யூனிலேயே அமைந்த மைதானமாகும்.