தொப்பித் தலை அரை டாலர்

பிலடெல்பியா நாணயச்சாலை 1807 முதல் 1836 வரை அடித்த, விளிம்பில் எழுத்துகள் கொண்ட அமெரிக்க வெள்ளி நாணயம். வடிவமைத்தவர் ஜான் ரைக். அக்காலத்தில் விண்மீன்கள், எழுத்துகள், ஆண்டு எண்கள் ஆகியவற்றை எஃகு அச்சில் தனித்தனியே கையால் பதித்தனர். ஆகவே ஓர் அச்சு மற்றொன்றை முழுதும் ஒத்திராது. விண்மீன் முனை நோக்கும் திசை, எண்களின் இடைவெளி, அச்சின் விரிசல் ஆகியவற்றைக் கொண்டு சேகரிப்பாளர்கள் வகை பிரிக்கின்றனர். நன்கு தேய்ந்த நாணயத்திலும் இது இயல்வதே இத்துறையின் பெரும் ஈர்ப்பு. வகைகளுக்கு ஆல் ஓவர்டன் 1967இல் வெளியிட்ட நூலின் எண்களே இன்றும் வழக்கு. 4இன் மேல் 7 அடித்துத் திருத்திய 1817ஆம் ஆண்டு நாணயம் மிக அரியது. அந்த அச்சு சீக்கிரமே விரிசல் கண்டதால், சுமார் ஒரு டஜன் நாணயங்களே அறியப்பட்டுள்ளன.