மண்ணுக்கடியில் ஊர் – 9: நொய்யல் கரையின் மணிப்பட்டறை

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில், மானாவாரிக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது கொடுமணல். ஈரோடு மாவட்ட வரைபடத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் பதிற்றுப்பத்தில் இந்த ஊருக்கு இரண்டு இடம் உண்டு. கபிலரும் அரிசில் கிழாரும் சேரர்களைப் பாடும்போது ‘கொடுமணம்’ தந்த அணிகலன்களைச் சொல்கிறார்கள். அந்தக் கொடுமணம் இதுதான் என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லத் துணிந்தது, 1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே குழி தோண்டிய பிறகு.

பொட்டல் காட்டில் நகைத் தொழில் எப்படி வந்தது? கொங்கு நாட்டுப் பாறைதான் காரணம். படியூரில் கடல்நிறப் பெரில், சிவன்மலையில் நீலக்கல், வெங்கமேட்டில் படிகம். எல்லாமே மாட்டுவண்டியில் போய்வரும் தூரம். போதாததற்கு, முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கருவூர் போகும் பெருவழியும் இந்தப் பக்கமாகத்தான் வந்தது.

அகழாய்வில் கிடைத்த மணிகளில் பாதி வேலையில் நின்றுபோனவற்றை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தட்டிச் செதுக்கியதோடு விட்டது ஒன்று. தேய்த்து முடித்துத் துளைக்குக் காத்திருப்பது ஒன்று. துளை போடும்போதே பிளந்தது இன்னொன்று. வாங்கி விற்ற சந்தை மட்டுமென்றால் இந்தக் கழிவு ஏன் கிடக்கப்போகிறது? இரும்பு உருக்கிய உலைகளும் இங்கே கிடைத்தன.

கற்பலகைகளால் அறை கட்டி, ஒரு பலகையில் இடுதுளை வைத்த ஈமச்சின்னங்கள் ஊரைச் சுற்றி ஏராளம். அவற்றில் ஒன்றில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள்! சூதுபவளம் இந்த மண்ணின் கல்லே இல்லை. குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு தூரத்துச் சரக்கைச் செத்தவரோடு புதைக்க மனசு மட்டும் இருந்தால் போதாது.

பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்கள்: கண்ணன் ஆதன், சம்பன் சுமணன். எவர்சில்வர் பாத்திரத்தில் நம் வீட்டில் பெயர் வெட்டுவது மாதிரிதான். அரசன் பெயரைக் கல்லில் வெட்டுவது எங்கும் நடக்கும். சோற்றுப்பானையில் சொந்தப் பெயர் கீறுவதற்கு ஊரில் எழுத்துப் பழக்கம் வேண்டும். வணிகக் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது.

மணி சுமந்த ஆற்றுவழியில் பின்னால் சாயம் வந்தது. பக்கத்து ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே போராடும் நிலை. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அடுத்த வாரம் படியூர்.

(தொடரும்)