பேரா மாநிலத் தமிழ்க் கிறிஸ்தவ வாலிபர் முகாம்கள்

மலேசியாவின் பேரா மாநிலத்தில், ஈப்போவிலும் அதைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்களுக்காகத் திருச்சபைகள் பள்ளி விடுமுறையில் நடத்தும் தங்கல் நிகழ்ச்சி வாலிபர் முகாம் எனப்படும். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு நாள் நடக்கும். மெதடிஸ்த், லுத்தரன், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளில் ‘வாலிபர் முகாம்’ என்றும், கத்தோலிக்கரிடையே ‘இளையோர் முகாம்’, ‘பாசறை’ என்றும் வழங்கும். பிள்ளைகள் வாயில் எல்லாமே ‘கேம்ப்’தான். வேதபாடம், பாட்டு, விளையாட்டு, கூட்டுச் சமையல், கடைசி இரவின் தீமூட்டம் ஆகியவை சேர்ந்ததே முகாம். அது எப்போது நடக்கும் என்பதைத் திருச்சபையின் நாட்காட்டி முடிவு செய்ததைவிடப் பள்ளி விடுமுறையும் மழையும் தோட்டத்துச் சம்பளமும் முடிவு செய்ததே அதிகம்.

பின்னணி

பேராவில் ரப்பர் மரம் 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்டது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கிந்தா, கோலகங்சார், கீழ்ப்பேரா மாவட்டங்களில் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியே தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கிறிஸ்தவர்கள் ஒரு லயத்தில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) ஒரு வீடு, அடுத்த தோட்டத்தில் இரண்டு வீடு என்று சிதறிக் கிடந்தார்கள். விதிவிலக்காக வடக்கே கிரியான் வட்டாரத்துப் பாகான் செராயில், பிரெஞ்சுப் பாதிரியார் ரெனே ஃபே 1880-களில் தமிழ்க் கத்தோலிக்க உழவர்களைக் குடியேற்றிச் சூசைபாளையம் என்ற ஊரை உருவாக்கினார். இவர் 1896 முதல் 1904 வரை மலாக்கா ஆயராகவும் இருந்தார். அந்த ஊரில் கிறிஸ்தவப் பிள்ளைக்குத் துணைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. சுங்கை சிப்புட் தோட்டம் ஒன்றில் வளர்ந்த பிள்ளைக்கோ தன் வயதில் இன்னொரு கிறிஸ்தவப் பிள்ளையைப் பார்ப்பதே அபூர்வமாக இருந்திருக்கும்.

ஈப்போவில் மெதடிஸ்த் மிஷனரி டபிள்யூ. ஈ. ஹோர்லி 1895-இல் ஆங்கிலோ சைனீஸ் பள்ளியைத் தொடங்கினார். லசால் சபைத் துறவியரின் செயின்ட் மைக்கேல் பள்ளி 1912-இல் வந்தது. மிஷன் பள்ளிகளின் வகுப்பறையும் திடலும் விடுமுறையில் சும்மா கிடக்கும் என்பதால், மேசைகளை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்தால் முகாமுக்கு இடம் தயார். மலேசியா, சிங்கப்பூர் மெதடிஸ்த் திருச்சபை 1968-இல் தன்னாட்சி பெற்றபோது தமிழ்ச் சபைகள் தமிழ் ஆண்டு மாநாடு என்ற தனி அமைப்பின் கீழ் வந்தன. வாலிபர் பணிக்கும் மாவட்ட அளவில் ஓர் ஒழுங்கு அமைந்தது. தரங்கம்பாடி மரபில் வந்த லுத்தரன் சபையினர் மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக இயங்குகிறார்கள். பேராவின் கத்தோலிக்கப் பங்குகள் 1955-இல் அமைந்த பினாங்கு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை.

முகாம் என்ற வடிவம் மலாயாவில் பிறந்ததன்று. பிரிட்டனின் கடற்கரைகளில் 1860-களின் இறுதியில் தொடங்கிய சிறுவர் ஊழியமும், 1885-இல் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. நடத்தத் தொடங்கிய கோடை முகாமும், 1907-இல் பேடன் பவல் நடத்திய சாரணர் முகாமும் கலந்து வந்தது இது. குழுக்கொடி, புள்ளிப் பட்டியல், தீமூட்டம் எல்லாம் சாரணர் விட்டுச் சென்ற சாமான்கள். பாட்டும் சாப்பாடும் மட்டும் இந்த ஊருடையவை.

தோட்டக் காலத்தில் ஊழியம் நடந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்பே பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு. மரம் வெட்டிப் பால் எடுத்து ஸ்டோரில் கொட்டுவதற்குள் நண்பகல் ஆகிவிடும். ஆகவே வேதவகுப்பு பிற்பகலில் அல்லது இரவில்தான். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் இருந்த அந்த ஆண்டுகளில் தோட்டத்துப் பிள்ளைகளை இரவு தங்க வெளியே அனுப்புவது எளிதான காரியமாக இருந்திருக்க முடியாது.

ஆண்டுச் சுழற்சி

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ரப்பர் மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், சம்பளமும் குறையும். வீட்டில் காசில்லாத அந்த மாதங்களிலேயே தவக்காலமும் வரும். முகாமுக்கு அது காலமல்ல. உபவாச ஜெபமும் வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதையுமே நடக்கும். தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை என்பதால் வேலைக்குப் போகும் வாலிபர் அன்றைக்கு ஆண்டு விடுப்பு எடுத்துத்தான் ஆலயத்துக்கு வருகிறார்கள். உயிர்த்தெழுந்த ஞாயிறு அதிகாலை ஆராதனையில் ஓலைப்பந்தல், நாற்காலி, கோப்பி எல்லாம் வாலிபர் பொறுப்பு.

ஆண்டு நடுவில் மே–ஜூன் மாதங்களில் வரும் இரண்டு வார ஓய்வு, ‘விடுமுறை வேதாகமப் பள்ளி’க்கு உரியது. பெரிய வாலிபர் சிறியவர்களுக்குக் கதை சொல்லவும் கைவேலை காட்டவும் கற்பது இங்கேதான். அடுத்த முகாமின் குழுத்தலைவர்கள் இதிலிருந்து தேர்வாகிறார்கள். டுரியான் இறங்கும் பருவமும் இதையொட்டித்தான் வரும். கத்தோலிக்க இளைஞர்களுக்கு ஜூலை இறுதியில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழா உண்டு. பஸ் பிடித்துக் கும்பலாகப் போய் மெழுகுத்திரிப் பவனியில் நடந்துவிட்டுத் திரும்பும் அந்த ஓரிரவுப் பயணத்தையும் முகாம் கணக்கில் சேர்க்கலாம்.

பெரிய முகாம் நெடுங்காலம் நவம்பர் பிற்பகுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ நடந்து வந்தது. நீண்ட விடுமுறை, தீபாவளி முடிந்திருக்கும், தேர்வுகளும் முடியும் தறுவாயில் இருக்கும். ஆனால் மழையும் அப்போதுதான். தைப்பிங் தீபகற்பத்திலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. மாலை நாலு மணி விளையாட்டை அங்கே அட்டவணையில் போடுபவர் ஊருக்குப் புதியவராகத்தான் இருக்க வேண்டும்.

2022 முதல் மலேசியப் பள்ளி ஆண்டு மார்ச்சுக்கு நகர்ந்தது. நீண்ட விடுமுறை ஜனவரி–மார்ச் மாதங்களுக்குத் தள்ளிப்போக, டிசம்பரில் குறுகிய விடுமுறையே மிஞ்சியது. தலைமுறைகளாகப் பழகிய ஆண்டிறுதி முகாமைச் சபைகள் சுருக்கவோ நகர்த்தவோ வேண்டியிருந்தது. 2026-இல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரிக்குத் திரும்பியிருக்கிறது.

முகாம் முடிந்த கையோடு கேரல் சுற்று தொடங்கும். முகாமில் பழகிய பாட்டுகளுடன் லாரியிலும் வேனிலும் ஏறித் தோட்டம் தோட்டமாக, தாமான் என்னும் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக இரவில் போவார்கள். முன்பு லயத்தின் ஒரு கோடியில் பாடினால் மறுகோடிக்குக் கேட்கும். இந்து வீடுகளிலும் கதவைத் திறந்து பலகாரம் கொடுப்பார்கள். இன்று ஒவ்வொரு வீட்டுக்கும் கூகுள் வரைபடம் தேவைப்படுகிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையுடன் பருவம் முடிகிறது.

முகாமில் ஒரு நாள்

தீபகற்ப மலேசியா 1982-இல் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதால் பேராவில் சூரியன் காலை ஏழு மணிக்குப் பக்கத்தில்தான் உதிக்கிறது. ஆறு மணி அமைதி நேரம் என்பது உண்மையில் இருட்டு நேரம். பாதிப் பேர் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். குழுத்தலைவர் பார்த்தும் பார்க்காததுபோல் போவார். பிறகு உடற்பயிற்சி, பசியாறல், காலை வேதபாடம், குழுக் கலந்துரையாடல். அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று ஆவியின் கனிகளைக் குழுப்பெயராக வைப்பது பழைய வழக்கம். ‘சமாதானம்’ குழுவும் ‘பொறுமை’ குழுவும் புள்ளிக்காகச் சண்டை போடுவதும் அதேயளவு பழைய வழக்கம்.

பிற்பகலில் தெலமேட்ச் விளையாட்டுகள்: சாக்கு ஓட்டம், தண்ணீர் நிரப்பல், சேற்றில் கயிறு இழுத்தல். பந்தும் செப்பாக் தக்ராவும் தனியாக நடக்கும். மாலைப் பேச்சுகளின் தலைப்புகளைப் பார்த்தாலே சமூகத்தின் கவலைகள் தெரியும். தோட்டக் காலத்தில் கள்ளும் சம்சு என்னும் மலிவுச் சாராயமும். தோட்டம் கலைந்து பிள்ளைகள் பட்டணத்துப் புறநகர்களுக்கு வந்தபின் குண்டர் கும்பல், போதைப்பொருள், பள்ளியை விட்டு நிற்பது. இப்போது கைப்பேசி, காதல், எஸ்.பி.எம். தேர்வு முடித்தபின் எந்தப் படிப்பு, எந்தக் கடன். என் பார்வையில் முகாம்களின் மிகப் பயனுள்ள பகுதி இந்தக் கடைசி விஷயம்தான். தொழிற்கல்வி நிலையத்துக்கு எப்படி மனுப்போடுவது என்று ஓர் அண்ணன் தரையில் உட்கார்ந்து விளக்கும் அரை மணி நேரம், பல பிரசங்கங்களைவிட ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மாற்றக்கூடியது.

பாட்டில் நான்கு அடுக்கு உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மரபில் வந்த கீர்த்தனைகள் பெரியவர் வந்தால். அருட்தந்தை பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் இரவு ஆராதனைக்கு. ஆங்கிலக் கோரஸ் காலையில். மலாய்ப் பாட்டு ஒன்றிரண்டு இடையில். தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தடுமாறுவதால் திரையில் ரோமன் எழுத்தில் தமிழ் வரிகள் ஓடும். மூத்தவர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்த வரிகளைப் பார்த்துப் பாடும் பிள்ளைகளில் சிலர் ஞாயிறு பள்ளியில்தான் முதன்முதலாகத் தமிழ் அரிச்சுவடியைத் தொட்டவர்கள்.

சமையற்கட்டு

முகாமின் மையம் மேடையா அடுப்படியா என்று கேட்டால் அனுபவமுள்ளவர்கள் அடுப்படியைத்தான் சொல்வார்கள். மாதர் சங்கத்து அம்மாக்கள் இரண்டு மூன்று பேர் கேஸ் அடுப்பும் பெரிய சட்டிகளுமாக வந்து இறங்குவார்கள். காய் நறுக்குதலும் பாத்திரம் கழுவுதலும் குழுமுறையில், கோத்தோங்-ரோயோங் என்னும் கூட்டு உழைப்பாக. காலையில் மீகூன் பிரட்டல், நாசி லெமாக் அல்லது ரொட்டியும் சார்டின் சம்பலும்; மதியம் சோறு, பருப்பு, கோழிக்கறி, முட்டைக்கோஸ்; நாலு மணிக்கு மீலோவும் கறிபாப்பும்; இரவில் மிச்சத்தைப் பொறுத்து. மாட்டிறைச்சி பல முகாம்களில் சமைக்கப்படுவதில்லை. வருகிற பிள்ளைகளில் இந்து வீட்டாரும் இருப்பார்கள். கிறிஸ்தவ வீடுகளிலேயே பாதி உறவு இந்து உறவு. இது எங்கும் எழுதி வைத்த விதியில்லை. அம்மாக்கள் எடுத்த முடிவு.

இடங்களும் ஆபத்துகளும்

கடல் என்றால் லூமுட்டுக்கு அருகே தெலுக் பாத்திக், அல்லது படகேறிப் பங்கோர் தீவு. மலை என்றால் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ கேமரன் மலை. அது பகாங்கைச் சேர்ந்தது என்றாலும் பேராக்காரர்கள் தங்கள் மலை என்றே நினைக்கிறார்கள். ஆறும் அருவியும் என்றால் கோப்பேங் பக்கமும் லாத்தா கிஞ்சாங்கும். காசு குறைந்த ஆண்டில் ஆலய மண்டபமே முகாம்.

ஆற்றோர முகாமில் பெரிய பயம் ‘கெப்பாலா ஆயர்’. மலையுச்சியில் மழை பெய்ய, கீழே வெயிலடிக்கும் ஆற்றில் திடீரென்று வெள்ளம் பாயும். தண்ணீர் கலங்கினாலோ சருகு மிதந்து வந்தாலோ உடனே கரையேறச் சொல்வார்கள். சிலாங்கூரின் பத்தாங் காலியில் 2022 டிசம்பர் 16 அதிகாலை கூடாரத் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அது பள்ளி விடுமுறைக் காலம். அதன்பின் மலைச்சரிவுக் கூடாரங்களைப் பெற்றோர் எளிதில் ஏற்பதில்லை.

அனுமதிப் படிவம்

பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் மதத்தை முடிவு செய்வது பெற்றோரோ பாதுகாவலரோ என்று மலேசிய அரசியலமைப்பின் 12(4) பிரிவு கூறுகிறது. முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தைத் தடுக்கும் சட்டம் பேராவில் 1988-இல் இயற்றப்பட்டது. ஆகவே பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் வெறும் காகிதச் சடங்கல்ல. பக்கத்து வீட்டு நண்பனுடன் வரும் இந்துப் பிள்ளைகளை அழைப்பது தோட்டக் காலத்திலிருந்தே இருக்கிறது. அதில் பெற்றோருக்கு விவரம் சொல்லாமல் விட்ட இடங்களில் மனக்கசப்பு வந்ததும் உண்டு. கடைசி இரவு, தீயைச் சுற்றி அழுகையும் அர்ப்பணிப்புமாக நடக்கும் கூட்டத்தில் பதினான்கு வயதுப் பிள்ளை எடுக்கும் முடிவுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது சபைகளுக்குள்ளேயே பேசப்படும் கேள்வி. அந்த இரவில் எத்தனை கை உயர்ந்தது என்று அறிக்கை எழுதுவதைவிட, ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளையை யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்பதே நியாயமான அளவுகோல்.

தோட்டத்துக்குப் பின்

1950-களின் இறுதியிலிருந்து பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அதற்கு எதிராகவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எஞ்சிய ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. பின்னர் சில தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. லயங்கள் காலியானபோது குடும்பங்கள் ஈப்போப் புறநகர்களுக்கும் பினாங்கு, கிள்ளான் பள்ளத்தாக்குத் தொழிற்சாலைகளுக்கும் போயின. முன்பு தோட்டத்துப் பிள்ளைக்கு வெளியுலகைக் காட்டிய முகாம், இப்போது வெளியே சிதறியவர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருகிறது.

2020 மார்ச் 18 அன்று தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் முகாம்கள் நின்றன. சில சபைகள் ஜூமில் பாடின, விளையாடின. சோறு மட்டும் ஜூமில் வரவில்லை என்பது அப்போதைய கேலி. மீண்டும் தொடங்கியவற்றில் பல, வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மதியம் முடியும் வார இறுதி முகாம்களாகச் சுருங்கியிருக்கின்றன. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் மூத்த வாலிபர்களுக்கு அதற்குமேல் விடுப்புக் கிடைப்பதில்லை. பஸ் நேரம் பார்த்துத்தான் நிறைவு ஆராதனையின் நேரத்தைக் குறிக்கிறார்கள்.