மறுமொழி பெறாத பேச்சு

கைக்கிளையை விளக்கும் தொல்காப்பியர் மொழியியலாருக்கு உரிய ஒரு நுட்பத்தைக் கவனித்திருக்கிறார். ஒருவன் பேசுகிறான், எதிரில் இருப்பவள் காமம் அறியாத இளையவள், மறுமொழி வரவில்லை, அவனோ தன் பேச்சிலேயே இன்பம் காண்கிறான். மடலேறுவேன் என்று சொல்வதற்குக் களவியலில் இடமுண்டு. உண்மையில் ஏறிவிட்டால் அது பெருந்திணை. வேண்டுகோள் வற்புறுத்தலாக மாறும் எல்லையை இலக்கணமே குறித்து வைத்திருக்கிறது.

கடந்த நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் உருவான 'பிக்கப் ஆர்ட்டிஸ்ட்' பண்பாடு இந்த எல்லையை அழித்தது. அதற்கு மொழியியலும் ஒரு கருவி தந்தது என்பது நம் துறையில் அதிகம் பேசப்படுவதில்லை. மாற்றிலக்கணம் பற்றி 1973இல் பாடநூல் எழுதியவர்களுள் ஒருவரான ஜான் கிரைண்டர், ரிச்சர்ட் பேண்ட்லருடன் சேர்ந்து 1975இல் நரம்பு-மொழியியல் நிரலாக்கம் (என்.எல்.பி.) என்னும் முறைக்கு அடித்தளமிட்டார். சொல்லமைப்பால் மனத்தை மாற்றலாம் என்ற அதன் கோரிக்கைக்கு அறிவியல் சான்று இன்றுவரை வலுவாக இல்லை. ஆயினும் ராஸ் ஜெஃப்ரிஸ் அதைப் பெண்களை வசப்படுத்தும் பயிற்சியாக்கி விற்றார்.

நீல் ஸ்ட்ராஸ் 2005இல் வெளியிட்ட 'தி கேம்' இக்குழுவின் குழூஉக்குறிகளை உலகறியச் செய்தது. பெண் 'டார்கெட்', உடனிருக்கும் தோழி 'தடை', அவளுடைய தன்னம்பிக்கையைக் குறைக்கும் பாராட்டு 'நெக்'. நம் அகமரபில் தோழியின்றிக் களவு நகராது. இங்கே அவள் அகற்றப்பட வேண்டிய பொருள்.

இதன் உளவியல் விலையைப் பயின்றவர்களும் செலுத்தினர். மறுப்பை வெறும் பயிற்சித் தரவாகக் கொள்பவன் அவமானத்திலிருந்து தப்புகிறான். ஆனால் ஏற்பும் அவனைச் சேர்வதில்லை. அவள் ஏற்றது ஒத்திகை பார்த்த வசனத்தை, அவனை அன்று. ஆகவே ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் ஐயமே மிஞ்சுகிறது, அடுத்தவளைத் தேடவேண்டியிருக்கிறது. ஸ்ட்ராஸின் நூலே அக்குழுவின் ஆசானாகிய 'மிஸ்டரி' மனமுடைந்து கிடக்கும் காட்சியில்தான் தொடங்குகிறது. 2015இல் வந்த அடுத்த நூலில் ஸ்ட்ராஸ் பாலியல் அடிமைத்தனத்திற்காகத் தாம் சிகிச்சை பெற்றதைக் கூறுகிறார். வாசகர் பலர் முதல் நூலின் உத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

தமிழ்ச் சூழலுக்கு இப்பயிற்சி வகுப்புகள் தேவைப்படவில்லை. 'வேண்டாம்' என்பதைக் காதலின் முதற்கட்டமாகக் காட்டத் திரைப்படங்கள் இருந்தன. 1998 ஜூலையில் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் தொல்லையால் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டே தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. அதன் பெயரில் 'ஈவ் டீசிங்' என்றே இருந்தது! உயிர் போன பின்னும் அது கேலி. 2002இல்தான் அப்பெயர் பெண் துன்புறுத்தல் என்று திருத்தப்பட்டது. பின்தொடர்தல் நாடு முழுவதும் தனிக்குற்றமாக 2013 ஆகிவிட்டது.

லிங்கராஜபுரத்திலிருந்து சிவாஜிநகருக்குப் பேருந்தேறும் தமிழ்ப் பெண்ணுக்குச் சட்டப்பெயரின் வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவளுக்குத் தெரிந்தது வேறு: எந்த இருக்கை, எந்த நேரம், அந்நியர் கனிவாகப் பேசினாலும் எவ்வளவு சுருக்கமாக விடையளிப்பது. இந்த ஓயாத கணக்கே அவள் தரும் விலை. 2003இல் பெங்களூரில் ஜாஸ்மீன் பதேஜா மாணவியாக இருந்தபோது தொடங்கிய 'பிளாங்க் நாய்ஸ்' அந்தக் கணக்கைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. தொல்லைக்குள்ளான நேரத்தில் தாம் அணிந்திருந்த உடையைத் தருமாறு அது பெண்களைக் கேட்டது. சாதாரண, அன்றாட உடைகள் வந்து சேர்ந்தன.