ஊரையே பாடமாக்கிய பேராசிரியர்

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. பிரான்சு தேசத்துப் போஸ் சமவெளியில் கோதுமை விளைவதை ஒப்பிப்பேன். கம்பு எந்த மாதம் விதைப்பார்கள் என்று கேட்டால் விழிப்பேன். வேலைக்காகக் கோவில்பட்டி வந்தபின்தான் கரிசல் மண்ணை மிதித்தேன்.

அப்படிப்பட்ட எனக்கு கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற வெள்ளைக்காரப் பேராசிரியர்மேல் தனி மரியாதை உண்டு. ஆக்ஸ்போர்டில் தொழிலாளிகளுக்காக ஏற்பட்ட ரஸ்கின் என்ற சிறிய கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் தமக்குத் தெரிந்த கிராமத்தை ஆராய்ந்து எழுதி வரச் சொன்னார். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், என்ன கூலி, எவ்வளவு கடன் என்றெல்லாம் விசாரிக்க வேண்டும்.

அந்தக் கட்டுரைகள் 1918இல் ஆங்கிலத்தில் நூலாயின. அதில் நம் பக்கத்து ஊர்கள் இரண்டு: சிவகாசி அருகே வடமலாபுரம், இங்கிருந்து திருநெல்வேலி போகும் வழியில் கங்கைகொண்டான். பிறகு பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களுக்கு மறுபடி ஆள் அனுப்பி, 1940இல் இன்னொரு நூல் வெளியிட்டார்கள். 1980களிலும் ஆய்வாளர்கள் போனார்கள். ஒரே ஊரின் வரவு செலவை எழுபது வருஷம் தொடர்ந்து பார்க்க முடிவது சாமானியமா?

கோவில்பட்டியில் 1901 முதல் அரசாங்க விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. மானாவாரிப் பருத்தியையும் சோளத்தையும் பற்றி அங்கே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் விதைத்தவன் வீட்டுக் கணக்கு வேறு சங்கதி.

நான் குமாஸ்தாவாக இருந்தபோது அடங்கலில் சர்வே எண், பயிர், பரப்பு என்று கட்டம் கட்டமாகப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் ஒரு பெரியவர் கேட்டார்: “ஐயா, பருத்தி எத்தன ஏக்கர்னு எழுதிட்டீக. வெதைக்கு வாங்குன கடன எந்தக் கட்டத்துல எழுதுவீக?”

அப்படி ஒரு கட்டமே இல்லை. சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டேன். ஸ்லேட்டரின் மாணவர்கள் 1916லேயே அந்தக் கேள்வியோடு வீடு வீடாகப் போயிருக்கிறார்கள் என்று பின்னால் படித்தபோது வெட்கமாக இருந்தது.

நண்பர்களே, உங்கள் பேரன் பேத்தி கல்லூரியில் பொருளாதாரமோ விவசாயமோ படிக்கிறார்களா? இந்த விடுமுறையில் பக்கத்தில் உட்கார வைத்து, ஐப்பசி மழை பொய்த்த வருஷம் உங்கள் வீட்டில் எதை விற்றுச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.