பஞ்சாலைத் தொழிலாளி எழுதிய போர்

பின்லாந்தின் போர் இலக்கியத்தில் முதலிடம் பெற்ற ‘அறியப்படாத சிப்பாய்’ நாவல் 1954 டிசம்பரில் வெளிவந்தது. எழுதியவர் வைனோ லின்னா. தம்பெரே நகரின் பின்லேசன் பஞ்சாலைத் தொழிலாளி. அதற்கு முன் அவர் எழுதிய இரண்டு நாவல்களும் பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் போர்முனையைப் பற்றி அவர் பிறரிடம் கேட்டு எழுத வேண்டியிருக்கவில்லை. 8ஆம் காலாட்படை ரெஜிமென்ட்டில் இருந்து போரிட்டவர்.

கதை நடப்பது 1941 முதல் 1944 வரையிலான ‘தொடர்ச்சிப் போரில்’. அதற்கு முன், 1939 நவம்பரில் சோவியத் படையெடுப்பால் மூண்ட குளிர்காலப் போர் மூன்றரை மாதத்தில் முடிந்தபோது, பின்லாந்து வசமிருந்த கரேலியாவின் பெரும்பகுதி பறிபோயிற்று. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு வெளியேறினர். 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் மீது பாய்ந்தபோது பின்லாந்தும் களமிறங்கியது. இழந்ததை மீட்டதோடு நிற்கவில்லை. பழைய எல்லையையும் தாண்டிக் கிழக்குக் கரேலியாவுக்குள் புகுந்தது. மீட்பு எங்கே முடிகிறது, ஆக்கிரமிப்பு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி நாவலின் சிப்பாய்களுக்கும் எழுகிறது.

ஓர் இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனிதான் கதையின் மையம். தனி நாயகன் கிடையாது. ஒவ்வொருவரும் தத்தம் வட்டார வழக்கிலேயே பேசுகிறார்கள். லாஹ்தினென் இடதுசாரி. ரஹிகாய்னென் எதையும் விற்றுக் காசாக்குபவன். மறக்க முடியாதவன் ரொக்கா: பறிபோன கரேலிய மண்ணின் விவசாயி, குடும்பஸ்தன். சண்டையில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பாதையோரம் அழகுக்குக் கல் அடுக்கச் சொன்னால் மறுத்துவிடுவான். அவன் போரிடுவது தன் நிலத்துக்காக; சல்யூட் அடிப்பதற்காக அல்ல. விறைப்பான அதிகாரி லம்மியோவுக்கு இது கடைசிவரை புரிவதில்லை. சிப்பாய்கள் மதிக்கும் அதிகாரி கொஸ்கெலா. அதட்டாமலே வேலை வாங்கத் தெரிந்தவர். 1944இன் பின்வாங்கலில் அவரும் மடிகிறார். அந்தப் போரில் மாண்ட பின்லாந்து வீரர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல்.

நாவல் வெளியானதும் ‘ஹெல்சிங்கின் சனோமத்’ நாளிதழில் விமர்சகர் தொய்னி ஹாவு கடுமையாகத் தாக்கினார். போரின் முழுப் பரப்பையும் பார்க்காமல் தரைமட்டத்தில் நின்றே பார்க்கிறார் லின்னா என்பது அவருடைய முக்கியக் குறை. பதுங்குகுழியில் கிடப்பவனுக்குத் தலைமையகத்தின் வரைபடம் எப்படித் தெரியும்? ‘லொட்டா’ எனப்படும் பெண் தொண்டர்களைச் சித்திரித்த விதமும் கண்டனத்துக்கு உள்ளானது. இந்தக் கண்டனத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனாலும் முன்னாள் வீரர்கள் பலர் புத்தகத்தைத் தம் கதையாகவே ஏற்றுக்கொண்டனர்.

அச்சேறும் முன் பதிப்பகம் சில பகுதிகளை வெட்டியிருந்தது. வெட்டாத மூலப் பிரதி ‘போர் நாவல்’ என்ற பெயரில் வெளிவர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1955, 1985, 2017 என மூன்று முறை இந்நாவல் திரைப்படமானது. எட்வின் லைனெ இயக்கிய முதல் படம் பின்லாந்தின் சுதந்திர நாளான டிசம்பர் 6 அன்று ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி வருகிறது.