ஓல்டு சேரம் தொகுதியின் தேர்தல் வரலாறு

இங்கிலாந்து நாட்டின் வில்ட்சயர்ப் பகுதியில், சால்ஸ்பரி நகருக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டு கல் தொலைவில், புல் படர்ந்த மேடு ஒன்று உளது. அகழியும் மதிலடியும் அன்றி இன்று அங்குக் காண்பதற்கு ஒன்றும் இல்லை. ஆயினும் இம்மேடு 1832ஆம் ஆண்டு வரை பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு இரண்டு உறுப்பினரை அனுப்பி வந்தது. ஓல்டு சேரம் என்னும் இத்தொகுதியின் வரலாறு ஆங்கில வரலாற்றாசிரியரால் பலகாலும் பேசப்பட்டது. அதற்கும் நம் சென்னைக்கும் உள்ள தொடர்பு தமிழில் போதிய அளவு ஆராயப்படவில்லை என்பது நம் கருத்து. அதனையே ஈண்டுச் சிறப்பாக நோக்குவோம்.

நார்மானியர் காலத்தில் இங்குக் கோட்டையும் தலைமைக் கோயிலும் இருந்தன. நீர்க்குறையும் கோட்டைக் காவலரோடு நேர்ந்த பூசலும் குருமாரை வருத்தவே, 1220இல் கீழ்நிலத்தில் புதிய கோயிலுக்குக் கால்கோள் செய்யப்பட்டது. மக்களும் கோயிலைப் பின்தொடர்ந்தனர். பழைய ஊர் பாழ்பட்டது. புதிய ஊரே இன்றைய சால்ஸ்பரி. வியப்பு யாதெனின், புதிய ஊரும் இரண்டு உறுப்பினரை அனுப்பியது. பாழூரும் இரண்டு உறுப்பினரை அனுப்பியது.

ஊர் அழிந்தமையால் தொகுதி சீர்கெட்டது என்று பொதுவாகக் கூறுவர். இக்கூற்று முழுவதும் பொருந்தாது. ஊர் அழிந்தால் வாக்கும் உடன் அழிதல் வேண்டுமன்றோ? அழியாமைக்குக் காரணம் சட்டத்தின் அமைப்பே. இத்தொகுதியில் வாக்குரிமை ஆளைச் சார்ந்தது அன்று. ‘பர்கேஜ்’ என்னும் பழைய வகை மனையைச் சார்ந்தது. மனைமேல் வீடு இல்லையாயினும், அதில் உழுது பயிரிட்டாராயினும், அம்மனைக்கு உரியவர் வாக்களிக்கலாம். எனவே மனைகளையெல்லாம் ஒருவரே விலைகொடுத்து வாங்கிவிடின், தேர்தலையும் அவர் வாங்கியவர் ஆவார். இத்தகைய தொகுதிகளில், தேர்தல் நெருங்குங்கால் நம்பிக்கைக்குரியோர் பெயருக்கு மனைகளை எழுதிவைத்து, முடிந்தபின் மீட்டுக்கொள்வது வழக்கமாயிருந்தது. ஓல்டு சேரத்தில் வயல் நடுவே, ஓர் எல்ம் மரத்தின் அடியில் தேர்தல் நிகழ்ந்தது. அதற்குப் ‘பாராளுமன்ற மரம்’ என்றே பெயர் வழங்கிற்று.

இம்மனைகளை 1690ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாங்கியவர் தாமஸ் பிட். கிழக்கிந்தியக் கும்பினியின் தனியுரிமையை மீறி வங்கக் கரையில் வாணிகம் செய்து பொருள் ஈட்டியவர் அவர். அவரை அடக்க இயலாத கும்பினி, பின்னர் அவரையே 1698இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக்கிற்று. 1709 வரை அவர் சென்னையை ஆண்டார். ஜம்சந்த் என்னும் வணிகரிடம் 48,000 வராகனுக்கு 410 காரட் எடையுள்ள வைரத்தை வாங்கியதும், 1717இல் அதனைப் பிரெஞ்சு நாட்டு ஆட்சிப் பொறுப்பாளரான ஆர்லியன்சு கோமகனுக்குப் பெரும்பொருளுக்கு விற்றதும் பலரும் அறிந்தவை. வைர விலையால் ஓல்டு சேரம் வாங்கப்பட்டது என்று கருதுவார் உளரேல், அது கால முறைக்கு ஒவ்வாது. தொகுதி முந்தியது, வைரம் பிந்தியது. எனினும் அவர் சென்னையில் இருந்தபொழுதே, 1705இல், மகன் இராபர்ட் அத்தொகுதியின் உறுப்பினரானார் என்பது கருதத்தக்கது.

தாமஸ் பிட்டின் பேரனே மூத்த வில்லியம் பிட். அவர் 1735இல் பாராளுமன்றத்தில் முதன்முதல் அமர்ந்தது இவ்விடத்தின் பெயராலேயே. பிற்காலத்தில் இத்தகைய தொகுதிகளை அரசியலமைப்பின் அழுகிய உறுப்பு என்று பழித்தவரும் அவரே. அவர் மைந்தர் இளைய பிட் 1785 ஏப்ரலில், 36 சிறு தொகுதிகளை ஈடுகொடுத்து ஒழிக்க ஒரு திட்டம் கொணர்ந்தார்; அவை 248க்கு 174 என்ற வாக்கில் அதனை மறுத்தது.

அவ்வாண்டு பிப்ரவரியில்தான் எட்மண்ட் பர்க் ஆர்க்காட்டு நவாபின் கடன் பற்றிப் பேசினார். நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்த பால் பென்பீல்டு, எட்டு உறுப்பினரைத் தம் வசம் வைத்துள்ளார் என்பது பர்க்கின் குற்றச்சாட்டு. பென்பீல்டு தாமும் வில்ட்சயரைச் சேர்ந்த கிரிக்லேடு தொகுதிக்கு உறுப்பினராயிருந்தவர். நவாபின் கடனை அடைத்தது கருநாடகத்து நிலவரி. அதனை இறுத்தவர் நம் உழவர். ஆங்கிலத் தேர்தல் வரலாற்றை எழுதுவோர் தொகுதியின் விலையைக் குறிப்பர். அவ்விலைப் பணம் எவ்வயலில் விளைந்தது என்று வினவுவது அரிது.

ஓல்டு சேரத்திற்கு மீள்வோம். 1801இல் பிட் மரபினரான கேமல்போர்டு பிரபு, ஜான் ஹார்ன் டூக் என்பாரை இங்கு உறுப்பினராக்கினார். சொற்பிறப்பாராய்ச்சியில் பெயர்பெற்றவர் டூக். ஆதலின் நம் போன்றோர்க்கு அவர்பால் சிறிது பரிவு தோன்றுதல் இயல்பே. அவர் குருப்பட்டம் பெற்றவர் என்று தடை எழுந்தது. குருமார் அவையில் அமர்தலாகாது என அவ்வாண்டே சட்டம் செய்தனர். எனினும் அவை கலையும் வரை டூக் இருக்கையை இழக்கவில்லை. மக்களுக்காகப் பேசிய சீர்திருத்தவாதி, மக்களே இல்லாத தொகுதியின் பெயரால் அமர்ந்தார்!

அடுத்த ஆண்டு தொகுதி கேலிடன் பிரபுவுக்கு விற்கப்பட்டது. விலை 60,000 பவுன் என்பர். நிலத்தின் வருவாய்க்கும் இவ்விலைக்கும் பொருத்தம் சிறிதும் இல்லை. விற்கப்பட்டவை இரண்டு இருக்கைகளே. கேலிடன் குடும்பத்தின் செல்வமும் இந்தியாவில் ஈட்டியதேயாகும். நிக்கலஸ் வான்சிட்டார்ட் 1802 முதல் 1812 வரை இத்தொகுதியின் சார்பில் அமர்ந்து, பின்னர் நிதியமைச்சர் ஆனார். அவர் தந்தை வங்கத்துக் கவர்னராக இருந்தவர்.

1831இல் வாக்காளர் பதினொருவர். ஒருவரும் அங்கு வாழ்ந்தவர் அல்லர். இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மான்செஸ்டருக்கோ தனக்கென உறுப்பினர் இல்லை. 1832 ஜூன் 7இல் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறி, 56 சிறு தொகுதிகள் உரிமை இழந்தன. ஓல்டு சேரம் அவற்றுள் ஒன்று. 1800இல் அயர்லாந்துப் பாராளுமன்றத்தை இணைத்தபொழுது, நீக்கப்பட்ட தொகுதி ஒவ்வொன்றிற்கும் 15,000 பவுன் ஈடு வழங்கினர். 1832இல் உரிமை இழந்தோர்க்கு ஒரு பவுனும் வழங்கப்படவில்லை.